பேதிக்கு ‘செட்’ கட்டித் தரும் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு–கேரள எல்லையில் வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மருந்துக்கடை நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

போன வாரம் உங்களில் ஒருவருடைய கடைக் கண்ணாடியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. “பேதி செட் ரூ. 40. பெரியவர், சிறுவர் இரண்டும் கிடைக்கும். டாக்டர் சீட்டு தேவையில்லை.” சிவப்பு மையில் எழுதி, ‘சிறுவர்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். உள்ளே போய், “இதை எடுத்துடுங்க அண்ணா” என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்றும் சொன்னேன். “டீச்சருக்கு நடந்தது கஷ்டம்தான். அதுக்காக ஊருக்கே மாத்திரை கொடுக்காம இருக்க முடியுமா? மழை ஆரம்பிச்சாச்சு. நாங்க நாலஞ்சு கடைக்காரங்க பேசித்தான் இந்த வருஷம் செட் போட்டிருக்கோம்” என்றார். பலர் பேசி எடுத்த முடிவு என்பதால் இதை ஒருவரிடம் சொல்லிப் பயனில்லை. அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். “ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைக் கொல்லாது” என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அது சரியான வாக்கியம்தான். ஆனால் கொல்லப்பட்ட பாக்டீரியா சாகும்போது என்ன செய்யும் என்ற கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. போன ஆடி மாதம் என் மகளின் உடம்பில்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மூன்று மாடு. எங்கள் சித்தூர் பிளாக்கில் மாடு இல்லாத வீடு குறைவு. அத்தை விடிகாலையில் கறக்கும்போது பாப்பா சின்ன சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடிவிடுவாள். கறந்த சூட்டோடு நுரை பொங்க ஒரு டம்ளர் பால். மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு திரும்பி வருவாள். நாங்கள் எல்லோரும் அப்படிக் குடித்து வளர்ந்தவர்கள்தான், அதனால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை வயிறு பிடித்து இழுக்கிறது என்று சுருண்டு படுத்தாள். இரவெல்லாம் பேதி. ஞாயிறு காலை ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ போனபோது, சளியோடு சிவப்பாகக் கோடு கோடாக இருந்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை. ஊர் பி.எச்.சி.யில் ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இல்லை. தாலூக்கா ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி திறந்துதான் இருந்திருக்கும். நல்ல மழை, பைக்கில் குழந்தையை நனைத்துக்கொண்டு போவானேன் என்று நினைத்தோம். அந்த முடிவு எங்களுடையது, அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

வீட்டுக்காரர் முதலில் இந்தக் கேரளப் பக்கத்துக் கடைக்குத்தான் போனார். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன அந்தக் கடைக்காரரை அன்றைக்கு நாங்கள் திட்டினோம். இன்றைக்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். அப்புறம் செக்போஸ்ட் தாண்டிப் போய் இன்னொரு கடையில் கேட்டார். “வயசு என்ன?” என்ற ஒரு கேள்விதான். “அஞ்சு.” இரண்டு நிமிடத்தில் பழுப்புக் கவரில் செட் மாத்திரை கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கவர் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. உள்ளே கத்தரித்த அட்டைத் துண்டுகள். ஒன்று பேதியை உடனே நிறுத்துகிற லோப்பரமைடு. ஒன்று வாயு மாத்திரை. மூன்றாவது துண்டு ஆன்டிபயாட்டிக், அதில் பெயரின் வால் மட்டும் மிச்சம், ‘ஃப்ளாக்சசின்’ என்று. எந்த ஃப்ளாக்சசின், எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் காலாவதி என்பதெல்லாம் கத்தரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று காட்டுவதற்காக 2016இல் மத்திய அரசு பெரிதாக விளம்பரம் செய்த அதே கோடு. கவரின் மேல் பேனாவில் “அரை–அரை–அரை” என்று எழுதியிருந்தது.

அரை அரையாக நான்தான் தேனில் குழைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பேதி நின்றது. அத்தை சாமிக்கு விளக்கு வைத்தார். பாப்பா ரசம் சாதம் சாப்பிட்டாள். “பார்த்தியா, நாப்பது ரூபாயில முடிஞ்சுது” என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை எழுப்பும்போது முகம் உப்பியிருந்தது. கண் இமை தடித்து, உதடு வெளுத்து, சுண்ணாம்பு பூசினமாதிரி. தூக்கம் போதவில்லை போல என்று நினைத்தேன். குளிப்பாட்டும்போது காலில் கடுகு கடுகாகக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அப்போதுதான் அத்தை கேட்டார், “நேத்து மதியத்திலிருந்து புள்ள மூத்திரம் போச்சா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத் தட்டணு 31,000. ஹீமோகுளோபின் 6. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் 5க்கு மேல். ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், டீச்சர் என்று சொல்லியிருந்ததால். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் கிழிந்து, துண்டு துண்டாக, சில தலைக்கவசம் மாதிரி வளைந்து கிடந்தன. வகுப்பில் நான் படம் வரைந்து காட்டுகிற சிவப்பணு அப்படி இருக்காது. “ஹீமோலிட்டிக் யூரிமிக் சிண்ட்ரோம், எச்.யு.எஸ்.ன்னு சொல்லுவோம். சிறுநீரகம் நின்னுடுச்சு” என்றார். ஒன்பது நாள் வயிற்றுக்குள் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். மூன்று தடவை ரத்தம் ஏற்றினார்கள். பத்தாம் நாள் பையில் இருபது மில்லி மூத்திரம் இறங்கியபோது நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாப்பா பிழைத்தாள். எல்லாக் குழந்தையும் அப்படித் திரும்பி வருவதில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷரும் மூத்திரத்தில் புரதமும் பார்க்கப் போகிறோம். வருடக்கணக்கில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நாளே அந்த டாக்டர் கவரைக் கையில் வாங்கிப் பார்த்தார். “மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மலத்தை டெஸ்ட் பண்ணீங்களா?” இல்லை. “இப்ப கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பண்ணினா ஒண்ணும் வளராது” என்றார். வளரவும் இல்லை. வெளியூர் லேபுக்கு அனுப்பிய மரபணுப் பரிசோதனையில் ஷிகா என்ற நச்சைத் தயாரிக்கும் கிருமியின் மரபணு இருப்பதாக மட்டும் பதில் வந்தது. “அப்போ மாத்திரைதான் காரணமா?” என்று கேட்டேன். அவர் நேர்மையானவர். “அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. மாத்திரையே சாப்பிடாத குழந்தைக்கும் இது வருது. ஆனா இந்தக் கிருமின்னு சந்தேகம் இருந்தா நாங்க அந்த மாத்திரையைத் தொட மாட்டோம்.”

நானும் உங்களை நீதிமன்றத்தில் நிறுத்த இதை எழுதவில்லை. என் பெண் விஷயத்தில் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் “தொட மாட்டோம்” என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் காரணத்தைத் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் எல்லோரும் ஃபார்மசி படித்தவர்கள், அல்லது படித்த ஒருவருடைய சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈ.கோலை என்ற கிருமி நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது, பெரும்பாலும் சாது. அதில் ஒரு சில வகை, ஓ157 என்பது அதில் பேர் போனது, மாட்டின் குடலில் குடியிருக்கிறது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. சாணம் தெறித்த மடியிலிருந்து பாலுக்கும், மழைத் தண்ணீரோடு கிணற்றுக்கும் வரும். நூறு கிருமிக்கும் குறைவாகவே போதும், நோய் வந்துவிடும். இந்தக் கிருமியின் டி.என்.ஏ.வுக்குள் ஒரு வைரஸ் ஒளிந்து கிடக்கிறது. பாக்டீரியாவைத் தாக்குகிற வைரஸ், பேஜ் என்பார்கள். எப்போதோ உள்ளே புகுந்து, தன் மரபணுவைக் கிருமியின் மரபணுவோடு கோத்துவிட்டுத் தூங்குகிறது. ஷிகா நச்சைத் தயாரிக்கும் குறிப்பு இந்த வைரஸிடம்தான் இருக்கிறது. அது விழித்துக்கொள்ளாமல் ஒரு புரதம் அமுக்கிப் பிடித்திருக்கிறது, நம் ஊர் வாய்க்கால் மதகில் ஷட்டரை இறக்கி வைத்திருப்பதுபோல.

சிப்ரோஃப்ளாக்சசினும் அதன் சொந்தக்கார மாத்திரைகளும் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். கிருமி தன் டி.என்.ஏ.வைப் பிரிக்கவும் முறுக்கவும் வைத்திருக்கும் கைரேஸ் நொதியைப் பிடித்துக்கொள்ளும். டி.என்.ஏ. உடையும். டி.என்.ஏ. உடைந்ததும் கிருமி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஏற்பாட்டைத் தொடங்கும். அதற்கு அறிவியலிலேயே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றுதான் பெயர். அந்தக் களேபரத்தில் வைரஸை அமுக்கி வைத்திருந்த புரதம் வெட்டுப்பட்டுப் போகிறது. ஷட்டர் மேலே ஏறிவிடுகிறது. வைரஸ் பெருகுகிறது, கூடவே நச்சும் குவிகிறது. இந்த நச்சை வெளியே அனுப்பக் கிருமிக்குத் தனி வழி இல்லை. வைரஸ் கிருமியின் உடம்பை வெடித்துக்கொண்டு வெளியேறும்போதுதான் நச்சு மொத்தமாகக் கொட்டுகிறது. கிருமி செத்தது உண்மை. அது சாவதற்கு முன் கையிலிருந்ததைவிட அதிகமான நச்சை என் பிள்ளையின் குடலில் கொட்டிவிட்டுச் செத்திருக்கலாம்.

கொட்டிய நச்சு ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக் குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சுவரின் செல்லுக்குள் புகுந்து புரதம் தயாரிக்கும் வேலையை நிறுத்துகிறது. செல் சாகிறது, குழாய்க்குள் உறைகட்டி சேர்கிறது, தட்டணுக்கள் அதில் மாட்டித் தீர்ந்துபோகின்றன, அந்த இடுக்கில் நுழைந்து வரும் சிவப்பணு கிழிகிறது. மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்தது அதைத்தான். அப்புறம் உங்கள் செட்டில் இருந்த லோப்பரமைடு. பேதி என்பது உடம்பு நச்சை வெளியே தள்ளுகிற வழியும்கூட. அந்த வாசலையும் அடைத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை விளக்கு வைத்தது அதற்குத்தான்.

இது வெறும் லேப் கதை இல்லை. 2000ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், ஓ157 கொடுத்த எலிகளுக்குச் சிப்ரோஃப்ளாக்சசினும் கொடுத்தார்கள். குடலில் கிருமி குறைந்தது, நச்சு கூடியது, எலிகள் செத்தன. இன்னொன்று அமெரிக்காவில் ஓ157 தொற்றிய 71 குழந்தைகளைக் கவனித்த ஆய்வு. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட குழந்தைகள் 9 பேர், அதில் 5 பேருக்கு எச்.யு.எஸ். வந்தது. சாப்பிடாத 62 பேரிலும் 5 பேருக்குத்தான் வந்தது. எல்லா ஆய்வும் இதே அளவுக்குச் சொல்லவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எல்லா ஆன்டிபயாட்டிக்கும் ஒரே மாதிரியும் இல்லை. அசித்ரோமைசின் போல, கிருமி புரதம் செய்வதையே தடுக்கிற மருந்துகள் லேபில் நச்சைக் கூட்டவில்லை. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று பார்த்துக் கொடுப்பவருக்குத்தான் இந்த வித்தியாசம் உதவும். “வயசு என்ன?” என்று மட்டும் கேட்டுக் கொடுப்பவருக்கு என்ன உதவி செய்யும்?

இது வெளிநாட்டு வியாதி என்று நீங்கள் சொல்வீர்கள். ஒருவர் சொன்னார், “அது ஹாம்பர்கர் திங்கிறவங்களுக்கு வர்றது டீச்சர்.” 1982இல் அமெரிக்காவில் ஹாம்பர்கரில்தான் முதலில் பிடித்தார்கள் என்பது சரிதான். ஆனால் 2011இல் ஜெர்மனியில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தது முளைகட்டிய வெந்தயத்தால். நம் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் ஈரத் துணியில் கட்டி வைக்கிற அதே வெந்தயம்.

உங்கள் பலமான வாதம் வேறு. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. “ரத்தபேதின்னா நம்ம பக்கம் பெரும்பாலும் ஷிகெல்லா. அதுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கொடுக்காம விட்டா அந்தப் பாவம் யாருக்கு?” உண்மை. ஜப்பானில் கியோஷி ஷிகா 1897இல் கண்டுபிடித்த கிருமி அது, நச்சுக்கும் அவர் பெயர்தான். நம் கேரளத்திலேயே 2020 டிசம்பரில் கோழிக்கோட்டில் ஷிகெல்லா பரவி ஒரு சிறுவன் இறந்தான். 2022 மே மாதம் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்ததும் ஷிகெல்லாவால்தான். அந்தக் கிருமியைச் சீக்கிரம் சரியான மருந்தால் கொல்ல வேண்டும், தாமதித்தால் ஆபத்து. நான் ஆன்டிபயாட்டிக்குக்கு எதிரி இல்லை. அது இல்லாவிட்டால் என் அப்பா நிமோனியாவில் போயிருப்பார்.

ஆனால் பாருங்கள், இரண்டு கிருமியும் வெளியே ஒரே முகம் காட்டுகின்றன. அதே வயிற்றுப் பிடிப்பு, அதே சளி, அதே சிவப்பு. ஒன்றுக்கு மாத்திரை கொடுக்காவிட்டால் ஆபத்து, இன்னொன்றுக்குக் கொடுத்தால் ஆபத்தாகலாம். அதனால்தான் மலத்தைப் பார்க்க வேண்டும், குழந்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், காய்ச்சல் எவ்வளவு, பச்சைப்பால் குடித்ததா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஷிகெல்லாவாகவே இருந்தாலும் இப்போது சிப்ரோஃப்ளாக்சசின் பல இடங்களில் அதன்மேல் வேலை செய்வதில்லை. அதற்கு ஒரு காரணம் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நாம் எல்லோரும் வாங்கித் தின்ற செட். ஆக எந்தக் கிருமியாக இருந்தாலும் உங்கள் கவர் பதில் இல்லை.

ரத்தம் இல்லாமல் தண்ணீராகப் போகிற பேதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு வருவதில் பெரும் பங்கு வைரஸால் வருவது. தானாக நிற்கிற பேதியை நிறுத்தியதாக உங்கள் செட் பேர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மருந்தும் நச்சும் ஒன்றுக்கொன்று எப்படிச் சம்பந்தப்படுகின்றன என்பது மருத்துவத்தில் புதிய விஷயமே இல்லை என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொல்லும்போது அதன் உடைந்த சுவர் கிளப்பிவிடும் வீக்கத்தை அடக்க, ஆன்டிபயாட்டிக்கோடு முதல் ஊசியாகவே டெக்சாமெத்தசோன் போடுகிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி சதையை அரித்துக்கொண்டு போகும்போது பென்சிலினோடு கிளிண்டாமைசினும் சேர்ப்பது, கிருமி நச்சு தயாரிப்பதையே நிறுத்தத்தான். மலப்புரத்தில் 2016 வாக்கில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) திரும்பி வந்ததே, அதற்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, ஏற்கெனவே கலந்த நச்சை முறிக்க ஆன்டிடாக்சின் வேண்டும். இதையெல்லாம் யோசித்து யோசித்துத்தான் ஒரு டாக்டர் ஊசியை எடுக்கிறார். ஆன்டிபயாட்டிக் கொடுப்பது என்பது இவ்வளவு கணக்கு உள்ள வேலை.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ளது. அது மத்தியச் சட்டம், வாளையாறுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். கேரளத்தில் 2024 ஜனவரியிலிருந்து ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று கடை கடையாகச் சோதனை வைக்கிறார்கள், சீட்டில்லாமல் கொடுத்தால் லைசன்ஸுக்கே ஆபத்து. அதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த வழி எளிது. பைக்கில் பத்து நிமிடம், செக்போஸ்ட் தாண்டினால் கிடைக்கும். கோழியையும் பாலையும் நிறுத்திப் பார்க்கிற எல்லையில், சட்டைப்பையில் வரும் பழுப்புக் கவரை யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பக்கத்துக் கடைக்காரர் “அங்க கிடைக்காததால இங்க வர்றாங்க” என்று பெருமையாகச் சொல்கிறார். இந்தப் பக்கத்துக் கடைக்காரர் “நான் கொடுக்கலைன்னா அங்க போவான், என் வியாபாரம்தான் போகும்” என்று பழையபடி எடுத்துக் கொடுக்கிறார்.

உங்கள் கஷ்டமும் தெரியும். தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாமல் உங்களிடம் வருகிறார். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் நீங்கள் திறக்கிறீர்கள். மலையாளத்தில் டாக்டரிடம் சொல்லத் திணறுகிற எங்கள் கிழவிகள் உங்களிடம் தமிழில் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கண்ணாடியில் தாள் ஒட்டினால் ஊர் அதை நம்பும். அதே கண்ணாடியில் வேறொன்றை ஒட்டினாலும் நம்பும்.

நான் கேட்பது இவைதான்.

அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். பெரியவருக்கானாலும் சிறுவருக்கானாலும் பேதி செட்டில் ஆன்டிபயாட்டிக்கும் லோப்பரமைடும் வேண்டாம். செட் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதே நாற்பது ரூபாய்க்குள் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டும் பதினான்கு நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் வைத்துக் கட்ட முடியுமா என்று பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் கரைக்கக் கூடாது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்டு அட்டைப்பெட்டியில் வந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். அந்தப் பேரை அப்படிப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவே போட்டிருக்கிறது.

பேதி என்று யார் வந்தாலும் வயதைக் கேட்பதற்கு முன் “ரத்தம் இருக்கா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் எந்த மாத்திரையும் எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் எந்த ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி திறந்திருக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் மலப் பரிசோதனைக்கான மூடி போட்ட டப்பா பத்து வாங்கி வையுங்கள். மாத்திரைக்கு முன் எடுத்த சாம்பிள் ஒன்று இருந்திருந்தால், என் மகளுக்கு எந்தக் கிருமி என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கும்.

அட்டையைப் பெயர் போகும்படி கத்தரிக்காதீர்கள். கத்தரித்தே ஆக வேண்டும் என்றால் கவரின் மேல் பெயர், அளவு, காலாவதி மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது போன ஒவ்வொரு நிமிடமும் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ரத்தபேதி வந்து நின்ற குழந்தையின் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்கள். பேதி நின்ற பிறகும் ஒரு வாரம், பத்து நாள் கவனிக்கணும். மூத்திரம் குறைந்தால், முகம் உப்பினால், உதடு வெளுத்தால், காலில் புள்ளி வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. என்னிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் வியாழக்கிழமை மதியமே கிளம்பியிருப்பேன்.

இரண்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் இதைப் படிக்க நேர்ந்தால் உங்களிடம் கேட்பது ஒன்று. செக்போஸ்ட்டின் இரண்டு பக்கத்துக் கடைகளையும் ஒரே நாளில் சேர்ந்து சோதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் வியாபாரம் மறுபக்கம் போகிறது, மாத்திரை எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

என் பங்குக்கு, எங்கள் தெருவில் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற பதினெட்டு வீட்டிலும் போய்ப் பச்சைப்பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அத்தை இப்போது கறப்பதற்கு முன் மடியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். சில்வர் டம்ளர் அடுப்பு மேடையில் இருக்கிறது, தொழுவத்துக்குப் போவதில்லை.

மேலே சொன்னதையெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். “பேதியில் ரத்தம் இருந்தால் இங்கே மாத்திரை கேட்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்பது முதல் வரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பிரதி எழுதித் தந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் கடை கடையாக வருகிறோம். பாப்பாவும் வருவாள். பசை நாங்களே கொண்டுவருகிறோம். அந்தச் சிவப்பு மைத் தாள் இருக்கும் இடத்தைக் காலி செய்து வையுங்கள்.